இரண்டு தோள்களில் ஒரு பல்லக்கு

கேள்வி:

நான் ரயில்வேயில் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். வீடு அரக்கோணத்தில். கடற்படையின் ராஜாளி விமானதளம் பக்கத்திலேயே இருப்பதால் ஹெலிகாப்டர் எங்களுக்குக் காக்கை குருவி மாதிரி. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, சத்தத்தை வைத்தே சேத்தக் வருகிறதா, வேறு ஏதாவதா என்று சொல்லிவிடுவாள்.

குடியரசு நாள் அணிவகுப்பை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். சினூக் வந்தது. முன்னால் ஒரு பெரிய விசிறி, பின்னால் ஒரு பெரிய விசிறி, வாலில் இருக்கவேண்டிய சின்ன விசிறியைக் காணோம். "வால் விசிறி இல்லாட்டி ஹெலிகாப்டர் பம்பரம் மாதிரி சுத்தும்னு சொன்னீங்களே தாத்தா, இது எப்படி நேரா போகுது?" என்று கேட்டாள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் சரியாகிவிடும் என்றேன். அவள் விடவில்லை. "அப்போ எதை வெச்சுத் திரும்பும்?" என்றாள். அங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கும் சில சந்தேகங்கள் உண்டு. முன் விசிறிக்கு ஒரு என்ஜின், பின் விசிறிக்கு ஒரு என்ஜின் என்று நினைக்கிறேன், சரிதானா? அப்படியானால் ஒன்று நின்றுபோனால் அந்தப் பக்கம் குப்புற விழாதா? படத்தில் இரண்டு விசிறிகளின் வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதே, பின் விசிறி உயரத்தில் இருப்பதால்தான் மோதாமல் தப்புகின்றனவா? இது அவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் எல்லா ஹெலிகாப்டரையும் இப்படியே செய்யாதது ஏன்? கடைசியாகப் பேத்தியின் கேள்வி ஒன்று: இது நண்டு மாதிரி பக்கவாட்டில் போகுமா?

— ஓய்வுபெற்ற ஃபிட்டர், அரக்கோணம்

பதில்:

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ்களோடு பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு ஃபிட்டரிடமிருந்து வந்த கடிதம் என்றதும் சந்தோஷமாக உட்கார்ந்து படித்தேன். பேத்தி கேட்ட "எதை வெச்சுத் திரும்பும்" என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அதற்கு வருவதற்கு முன், உங்கள் தலைக்கு மேலே தினமும் பறக்கும் சேத்தக்கிலிருந்து தொடங்குகிறேன்.

வீட்டு சீலிங் ஃபேனைப் பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் இறக்கைகள் ஒரு பக்கம் சுற்றக் கிளம்புகின்றன. மேலே கம்பி எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கிக்கொண்டு ஆடுகிறது. கூரைக் கொக்கி பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த முறுக்கு அதோடு அடங்கிவிடுகிறது. கொக்கி இல்லாமல் அந்த ஃபேன் காற்றில் மிதந்தால், இறக்கைகள் ஒரு பக்கமும் மோட்டார் மறுபக்கமுமாகச் சுற்றும். ஹெலிகாப்டருக்குக் கூரையும் இல்லை, கொக்கியும் இல்லை. என்ஜின் ரோட்டாரை எவ்வளவு டார்க் கொடுத்துச் சுற்றுகிறதோ, அதே டார்க் உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் நீண்ட வாலின் நுனியில் பக்கவாட்டில் காற்றைத் தள்ளும் ஒரு சின்ன ரோட்டார். சிகோர்ஸ்கி 1939இல் விஎஸ்-300 என்ற இயந்திரத்தைத் தரையிலிருந்து கிளப்பியதிலிருந்து இன்றுவரை உலகின் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் இந்த வழியில்தான் போகின்றன.

இந்த வால் ரோட்டார் தன் வேலைக்கு ஒரு கூலி வாங்குகிறது. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்போது என்ஜின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அந்தப் பங்கு ஒரு கிலோவைக்கூடத் தூக்குவதில்லை. அது மட்டுமில்லை, ஐயா. அது பக்கவாட்டில் தள்ளுவதால் முழு ஹெலிகாப்டரும் அந்தப் பக்கமாக நகரப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட மெயின் ரோட்டாரை எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்க்கவேண்டும். தளத்தின் வேலிக்கு வெளியே நின்று, அந்தரத்தில் நிற்கும் ஒரு சேத்தக்கைக் கவனித்துப் பாருங்கள். ஒரு தோளைத் தாழ்த்தி நிற்பவரைப் போல லேசாகச் சாய்ந்திருக்கும்.

சினூக்கில் இரண்டு ரோட்டார்களும் ஒரே அளவு. ஒவ்வொன்றும் 18.29 மீட்டர் விட்டம், மூன்று பிளேடுகள், நிமிடத்துக்கு 225 சுற்று. மேலிருந்து பார்த்தால் முன்னது கடிகார முள்ளுக்கு எதிராகவும் பின்னது கடிகார முள்ளோடும் சுற்றுகின்றன. இரண்டின் டார்க்கும் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. நீங்கள் பேத்தியிடம் சொன்னது சரி. என்ஜின் தருவது முழுவதும் தூக்கும் வேலைக்கே போகிறது.

இனி திரும்புவதற்கு வருவோம்.

எந்த ஹெலிகாப்டரிலும் பைலட்டின் கையிலும் காலிலும் மூன்று சாதனங்கள் உண்டு. இடது கையில் மேலும் கீழும் போகும் கலெக்டிவ் லீவர். முழங்கால்களுக்கு நடுவே சைக்ளிக் ஸ்டிக். பாதங்களில் இரண்டு பெடல்கள். சேத்தக்கில் இவை செய்யும் வேலை தனித்தனி. லீவரை உயர்த்தினால் மெயின் ரோட்டாரின் எல்லாப் பிளேடுகளும் ஒரே அளவு கோணம் கூட்டிக்கொண்டு அதிகமாகத் தூக்கும். ஸ்டிக்கைச் சாய்த்தால், ஒவ்வொரு பிளேடும் சுற்றிவரும் பாதையில் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் கோணம் எடுத்து, சுழலும் வட்டத் தட்டு முழுவதையும் அந்தத் திசைக்குச் சாய்க்கும். ஹெலிகாப்டர் அங்கே போகும். பெடலை மிதித்தால் வால் ரோட்டாரின் தள்ளல் கூடும் அல்லது குறையும், மூக்கு திரும்பும்.

சினூக்கில் உட்காரும் பைலட்டின் கைகளுக்கும் கால்களுக்கும் அதே லீவர், அதே ஸ்டிக், அதே பெடல்தான். ஆனால் அவற்றின் கீழே நடப்பது வேறு கதை. லீவரை உயர்த்தினால் இரண்டு ரோட்டார்களும் சேர்ந்து கூடுதலாகத் தூக்கும், இதில் புதுமை இல்லை. ஸ்டிக்கை முன்னால் தள்ளினால், முன் ரோட்டார் தன் தூக்கலைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பின் ரோட்டார் அந்த அளவு எடுத்துக்கொள்ளும். மூக்கு தாழும், வண்டி முன்னேறும். பின்னால் இழுத்தால் முன்னது கூட்டும், பின்னது குறைக்கும். சேத்தக் ஒரு தட்டைச் சாய்த்துச் செய்வதை, இது இரண்டு ரோட்டார்களின் பாரத்தைக் கைமாற்றிச் செய்கிறது. ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இரண்டு தட்டுகளும் இடப்பக்கம் சாய்ந்து வண்டி இடப்பக்கம் உருளும்.

பெடலுக்கு வந்துவிட்டோம். இடது பெடலை மிதித்தால் முன் தட்டு இடப்பக்கம் சாய்கிறது. அதே நேரத்தில் பின் தட்டு வலப்பக்கம் சாய்கிறது. முன்பக்கம் இடப்புறம் இழுபட, பின்பக்கம் வலப்புறம் இழுபட, உடம்பு நடுவில் சுழன்று மூக்கு இடப்புறம் திரும்புகிறது. பேத்திக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவேண்டாம், ஒரு மேஜையை வைத்துக் காட்டிவிடலாம். நீங்கள் ஒரு முனையைப் பிடியுங்கள், அவள் மறுமுனையைப் பிடிக்கட்டும். நீங்கள் உங்கள் இடப்பக்கமும் அவள் அவளுடைய இடப்பக்கமுமாக ஓரடி வைத்தால் மேஜை இருந்த இடத்திலேயே திரும்பும். இருவரும் எதிரெதிராகப் பார்த்து நிற்பதால் உங்கள் இடம் அவளுக்கு வலம். சினூக் திரும்புவது இப்படித்தான். பீரோவை வீட்டுக்குள் திருப்பிய எல்லோருக்கும் இது கைவந்த வித்தை.

இதனால் பைலட்டுக்கு இரண்டு சுகங்கள் கிடைக்கின்றன. முதலாவது, கால்களுக்கு ஓய்வு. சேத்தக்கில் லீவரை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் டார்க் கூடும், மூக்கு ஓடப் பார்க்கும், உடனே பெடலில் ஈடுகட்டவேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முதல் நாட்களில் படும் பாடு பெரும்பாலும் கைக்கும் காலுக்கும் இடையே வேண்டிய இந்த ஒத்திசைவில்தான். சினூக்கில் லீவரை ஏற்றினாலும் இறக்கினாலும் மூக்கு பெரிதாக அசையாது. இரண்டாவது, காற்றைப் பற்றிய கவலை குறைவு. வால் ரோட்டார் உள்ள ஹெலிகாப்டருக்குச் சில திசைகளிலிருந்து வரும் காற்று ஆகாது. மெயின் ரோட்டாரின் கலங்கிய காற்று வாலில் போய் மோதி, வால் தன் பிடியை இழந்து, வண்டி தானாகச் சுழல ஆரம்பித்துவிடும். அப்படிச் சுழன்று விழுந்த ஹெலிகாப்டர்கள் உலகம் முழுவதும் உண்டு. இரட்டை ரோட்டார்க்காரருக்கு இழக்க வாலே கிடையாது. எந்தத் திசைக் காற்றிலும் மலைச்சரிவில் நின்று வேலை பார்க்க முடிவது அதனால்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் சுமை ஏற்றுவதில் இருக்கிறது. அதைச் சொல்ல நம்மிடமே நல்ல உவமை உண்டு: காவடியும் பல்லக்கும். காவடி ஒரே தோளில் நிற்கிறது. ஒரு பக்கம் பாரம் கொஞ்சம் கூடினாலும் எடுப்பவர் உடம்பை வளைத்து ஈடுகட்டவேண்டும், ஓர் அளவுக்கு மேல் முடியாது. ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டரும் அப்படித்தான். உடம்பு முழுவதும் ஒரே தண்டில் தொங்குகிறது, பாரமெல்லாம் அந்தத் தண்டுக்கு நேர்கீழே, கொஞ்சம் முன்பின்னாக இருந்தாகவேண்டும். பல்லக்கை முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்குகிறார்கள். உள்ளே இருப்பவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் முன்னவர் தோளில் கொஞ்சம் கூடும், பின்னவருக்குக் கொஞ்சம் குறையும், ஊர்வலம் நிற்காது. சினூக்கின் பின்கதவைத் திறந்து ஒரு ஜீப்பை உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். பாரம் பின்னாலிருந்து முன்னால் நகர நகர இரண்டு ரோட்டார்களும் பங்கை மாற்றிக்கொள்ளும். வயிற்றின் அடியில் மூன்று கொக்கிகள் உண்டு. நீளமான பாரத்தை முன்கொக்கியிலும் பின்கொக்கியிலும் கட்டினால், ஒற்றைக் கயிற்றில் தொங்கும் வாளி போல அது சுழன்று ஆடாது.

நம் விமானப்படை 15 சினூக்குகளுக்கு 2015இல் ஒப்பந்தம் போட்டது. 2019 மார்ச் 25 அன்று சண்டிகர் தளத்தில் அவற்றில் முதல் சில பணியில் சேர்ந்தன. அங்கிருந்து எம்-777 பீரங்கியை அடியில் தொங்கவிட்டு லடாக் மலைகளுக்குக் கொண்டுபோகின்றன. அந்த பீரங்கி மட்டும் நான்கு டன்னுக்கு மேல். 2022 ஏப்ரலில் ஒரு சினூக் சண்டிகரில் கிளம்பி அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில்தான் இறங்கியது; நடுவில் எங்கும் நிற்காமல் 1,910 கிலோமீட்டர், ஏழரை மணி நேரம். மலைமுகட்டில் முழு வண்டியும் இறங்க இடமில்லாவிட்டால், பின்சக்கரங்களை மட்டும் பாறையில் ஊன்றி, முன்பாதி பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நிற்க, பின்கதவு வழியே ஆட்கள் ஏறி இறங்குவார்கள். வால் ரோட்டார் உள்ள ஹெலிகாப்டரின் பின்பக்கத்தை அவ்வளவு நெருக்கமாகப் பாறையிடம் கொண்டுபோக எந்த பைலட்டுக்கும் மனம் வராது.

இனி உங்கள் கேள்விகளில் என்னை அதிகம் மகிழ்வித்த ஒன்று: ஆளுக்கொரு என்ஜினா? இல்லை, ஐயா. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு என்ஜின்களும் பின்பக்கக் கோபுரத்தின் இருபுறமும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4,700 குதிரைத்திறனுக்கு மேல் தருவது. இரண்டின் சக்தியும் முதலில் ஒரே கியர்பாக்ஸில் போய்ச் சேர்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு பின் ரோட்டாரின் கியர்பாக்ஸுக்குப் போகிறது. இன்னொன்று, பல துண்டுகளாக இணைத்த நீளமான தண்டு, கூரையின் முதுகோடு ஓடி முன் ரோட்டாரின் கியர்பாக்ஸுக்குப் போகிறது. ஒரு என்ஜின் நின்றாலும் மற்றது இரண்டு ரோட்டார்களையும் சுற்றும். சுமக்கும் திறன் குறையுமே தவிர ஒரு பக்கம் மட்டும் தொங்காது. இரண்டு என்ஜின்களும் நின்றால்கூட, கீழிருந்து எழும் காற்றில் இரண்டும் சேர்ந்தே சுழன்று, சேத்தக்கைப் போலவே மெல்ல இறங்க முடியும். நீராவி லோகோவின் பெரிய சக்கரங்களை வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தண்டு பிணைத்திருக்குமே, நினைவிருக்கிறதா? ஒரு சக்கரம் அரைப்பல் முந்தவோ பிந்தவோ அது விடாது. கூரைமேல் ஓடும் அந்தத் தண்டு சினூக்குக்கு அப்படி.

அந்தத் தண்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அது இந்த இயந்திரத்தின் உயிர்.

பின் ரோட்டார் உயரத்தில் இருப்பதால் மோதல் தவிர்க்கப்படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: உயரம் காப்பாற்றாது. இரண்டு ரோட்டார்களின் அச்சுகளுக்கு நடுவே சுமார் 12 மீட்டர். ஒவ்வொரு பிளேடின் நுனியும் அதன் அச்சிலிருந்து 9 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. ஆக, இரண்டு வட்டங்களும் நடுவில் 6 மீட்டர் அளவுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. பிளேடுகள் கட்டை மாதிரி விறைத்தும் நிற்பதில்லை. ஹெலிகாப்டர் முன்னேறும்போது, எதிர்க்காற்றை நோக்கி வரும் பிளேடு மேலே எழும், பின்வாங்கும் பிளேடு தாழும். அது தவறும் இல்லை, அப்படி ஏறி இறங்க விட்டால்தான் தட்டு கவிழாமல் இருக்கும். இதற்கிடையில் பெடல் மிதித்தால் ஒரு தட்டு இடமும் மற்றது வலமும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே உயர வித்தியாசத்தை நம்பி இருந்தால் முதல் திருப்பத்திலேயே பிளேடுகள் வெட்டிக்கொள்ளும்.

மோதாமல் இருப்பது கணக்கினால். முன் ரோட்டாரின் மூன்று பிளேடுகளும் 120 பாகை இடைவெளியில் இருக்கின்றன. பின் ரோட்டாரை அதிலிருந்து 60 பாகை தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். முன் பிளேடு நடுப்பகுதியைக் கடக்கும்போது பின் ரோட்டாரின் இரண்டு பிளேடுகள் இருபுறமும் விலகி நிற்கும்; அடுத்த கணம் பின் பிளேடு வரும்போது முன்னவை விலகியிருக்கும். பின்னல் கோலாட்டத்தில் பிள்ளைகள் ஒருவர் பாதையில் ஒருவர் புகுந்து புறப்பட்டும் மோதிக்கொள்ளாதது போல. அங்கே தாளம் காப்பாற்றுகிறது. இங்கே தாளம் போடுவது கியர்பல். ஒவ்வொரு ரோட்டாரிலிருந்தும் வினாடிக்கு 11 தடவைக்கு மேல் ஒரு பிளேடு அந்த நடுப்பகுதியைக் கடக்கிறது. பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 770 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தத் தண்டோ, கியரோ அறுந்தால் சரிசெய்ய யாருக்கும் நேரமில்லை.

அப்படி நடந்திருக்கிறது. 1982 செப்டம்பர் 11, மேற்கு ஜெர்மனியின் மன்ஹைம். அமெரிக்க ராணுவத்தின் சினூக் ஒன்று பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானக் காட்சியில் மேலே ஏறியது. கியர்பாக்ஸைச் சுத்தம்செய்ய அப்போது வால்நட் ஓட்டுத் தூளைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அந்தத் தூள் உள்ளே தங்கி, எண்ணெய் போகவேண்டிய வழியை அடைத்துவிட்டது. எண்ணெய் இல்லாமல் காய்ந்த பாகம் உடைந்தது; ரோட்டார்களின் தாளம் தப்பியது; பிளேடுகள் மோதின. 46 பேர் இறந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1986 நவம்பர் 6 அன்று, வடகடல் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்த பயணிகள் சினூக் ஒன்று ஷெட்லாந்து தீவுகளின் சம்பர்க் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. முன் கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் அரிப்பு விரிசலால் உடைந்தது. மறுபடியும் அதே முடிவு. இருந்த 47 பேரில் பிழைத்தவர்கள் இருவர்.

இந்த இரண்டு விபத்துகளையும் நான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் ஒவ்வொரு ஆண்டும் சொல்லியிருக்கிறேன். பறப்பதைப் பற்றிய பாடத்தில் சொன்னதில்லை, எண்ணெய் மாற்றும் பாடத்தில்தான் சொல்வேன். எண்ணெயில் கிடக்கும் இரும்புத் துகளைக் காந்தத்தில் பிடித்துப் பார்ப்பது, ஓர் ஒலிமாற்றத்தைச் சந்தேகப்படுவது, கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பது, இதெல்லாம் ஷெட்டில் நீங்களும் செய்த வேலைதான். உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

எல்லா ஹெலிகாப்டரையும் ஏன் இப்படிச் செய்யவில்லை என்பதற்குப் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. இரண்டு ரோட்டார் தலைகள், இரண்டு பெரிய கியர்பாக்ஸ்கள், சேர்க்கும் கியர்பாக்ஸ் ஒன்று, நீளத் தண்டு, அதன் தாங்கிகள். எல்லாம் எடை, எல்லாம் செலவு, எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கவேண்டும். இரண்டு டன் எடையுள்ள சின்ன ஹெலிகாப்டரில் வால் ரோட்டாருக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தி இவ்வளவு சுமையைவிட மிகமிக மலிவு.

மீதிப் பாதி விடை காற்றில் இருக்கிறது. முன் ரோட்டார் காற்றைக் கீழே தள்ளிவிட்டுப் போகிறது. வேகமாகப் போகும்போது பின் ரோட்டார் அந்தக் கீழிறங்கும் காற்றுக்குள்ளேயே நுழைகிறது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் மணலில் நடப்பவரைப் போல, அதே உயரத்தில் நிற்க அது கூடுதலாக உழைக்கவேண்டும். பின் ரோட்டாரைக் கோபுரம் கட்டி உயர்த்தியதற்கு முக்கியக் காரணம் இதுதான்: கூடிய மட்டும் கலங்காத காற்றைக் கொடுப்பது. அப்படியும் முழுதாகத் தப்ப முடியாது. நின்ற நிலையிலும், இரண்டு வட்டங்களும் ஏறியிருக்கும் நடுப்பகுதியில் ஒரே காற்றை இருவர் பகிர்ந்துகொள்வதால் கொஞ்சம் இழப்பு உண்டு. வால் ரோட்டாரிடமிருந்து மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி இங்கே போய்விடுகிறது. இதைச் சொல்லாமல் இரட்டை ரோட்டாரைப் புகழ்பவர்கள் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள். சினூக் வரும்போது கேட்கும் அந்தத் தனி ஓசையும், தப்பட்டை அடிப்பது போன்ற அந்த அடுக்கு அதிர்வும், ஒரு ரோட்டார் கலக்கிவிட்ட காற்றுச் சுழலை இன்னொன்றின் பிளேடு வெட்டுவதால் எழுவது. பேத்தி ஒரு தடவை கேட்டால் போதும், பிறகு மறக்கமாட்டாள்.

நீண்ட வாலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வேகமாகப் போகும்போது அம்பின் இறகு போல அது மூக்கை நேராக வைக்கிறது. சினூக்கின் உடம்புக்கு அந்த வசதி இல்லை; காற்றில் அது பக்கவாட்டில் திரும்பிவிடத்தான் பார்க்கும். அதனால் பைலட் உணர்வதற்கு முன்பே சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்துகொண்டேயிருக்கும் தானியங்கி நிலைப்படுத்தும் அமைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த அமைப்பே, வேகம் கூடக்கூட இரண்டு தட்டுகளையும் தானாக முன்னால் சாய்த்துக்கொடுக்கும். இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி மூக்கைத் தரைக்குக் குத்திக்கொண்டு பறக்கவேண்டியிருக்கும்.

பாரம் தூக்க இதுதான் ஒரே வழி என்றும் நினைக்கவேண்டாம். சினூக் வருவதற்கு முன் சண்டிகரில் அதே பிரிவில் இருந்தது ரஷ்யாவின் எம்ஐ-26. ஒரே ரோட்டார், 32 மீட்டர் விட்டம், எட்டு பிளேடுகள். முழுச் சுமையோடு 56 டன், சினூக்கோ 22.7 டன்தான். ஆனால் அதன் வால் ரோட்டார் மட்டுமே 7.6 மீட்டர் விட்டம்! ரோட்டார்கள் சுழலும்போது சினூக்கின் நீளம் 30 மீட்டர், அது 40 மீட்டர். குறுகிய மலை முகட்டில் அந்தப் பத்து மீட்டர் பெரிய விஷயம். மெல்லிய காற்றில் ஒற்றை ரோட்டாரால் முடியாது என்பதும் இல்லை. நம் சீட்டாவின் மூலமான லாமா ஹெலிகாப்டரில் ழான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் 1972இல் 12,442 மீட்டர் உயரத்தைத் தொட்டார். சியாச்சினில் பல ஆண்டுகளாக உயிர்களைக் காப்பாற்றிவரும் சீட்டாவுக்கும் வால் ரோட்டார்தான். எடை குறைவாக இருந்தால் அதுவே போதும். பல டன்களை அதே மலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்னும்போதுதான் பல்லக்கு வேண்டியிருக்கிறது. டார்க்கை அடக்க வேறு வழிகளும் உண்டு. கடற்படையின் காமோவ் ஹெலிகாப்டர்களில் இரண்டு ரோட்டார்களும் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிரே சுற்றும். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் ஆகிவிடும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பேத்தி கேட்பாள் என்று நினைக்கிறேன். 1907இலேயே பால் கோர்னு என்ற பிரெஞ்சுக்காரர் முன்னும் பின்னும் ரோட்டார் வைத்து ஒன்றைச் செய்தார். பெல்ட் போட்டுச் சுற்றினார், சில நொடி தரையை விட்டு எழுந்ததாகச் சொல்வார்கள். உண்மையில் இதைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் பிலடெல்ஃபியாவின் ஃப்ராங்க் பியாசெக்கி. அவருடைய இரட்டை ரோட்டார் ஹெலிகாப்டர் 1945 மார்ச்சில் பறந்தபோது அவருக்கு வயது 25. உடம்பின் பின்பாதியை மேல்நோக்கி வளைத்துக் கட்டினார். பார்த்தவர்கள் அதற்குப் 'பறக்கும் வாழைப்பழம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய நிறுவனம்தான் பின்னால் வெர்டால் என்று பெயர் மாறி, 1960இல் போயிங்கிடம் போனது. சினூக் முதலில் பறந்தது 1961 செப்டம்பர் 21. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே அடிப்படை வடிவத்தில் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால், அந்த 25 வயதுக்காரர் போட்ட கோடு எவ்வளவு சரியானது என்று பாருங்கள். எனக்கு அவர் மேல் தீராத மரியாதை.

நண்டுக் கேள்வி பாக்கியிருக்கிறது. போகும். ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் இரண்டு தட்டுகளும் அந்தப் பக்கம் சாய்ந்து, மூக்கைத் திருப்பாமலேயே வண்டி பக்கவாட்டில் நகரும். பின்னாலும் போகும், மூக்கை ஓரிடத்தில் நிறுத்தி வாலை மட்டும் சுற்றவும் செய்யும். சேத்தக்கும் பக்கவாட்டில் போகக்கூடியதுதான். ஆனால் சினூக்குக்கு அதில் ஒரு தனி லாபம் இருக்கிறது, பேத்தியிடம் கட்டாயம் சொல்லுங்கள். நேராகப் போகும்போது பின்னவர் முன்னவரின் கலங்கிய காற்றில் உழைக்கிறார் என்றேனே. பக்கவாட்டில் போகும்போது முன்னவரும் இல்லை, பின்னவரும் இல்லை; இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கிறார்கள், இருவருக்கும் புதிய காற்று. குறைந்த வேகத்தில், அதே பாரத்தைச் சுமக்க அப்போது என்ஜினுக்குத் தேவைப்படும் சக்தி நேராகப் போகும்போது வேண்டியதைவிடக் குறைவு. வேகம் கூடினால் அந்த அகலமான பக்கச்சுவரைக் காற்று தடுக்கும், லாபம் போய்விடும். மெதுவாகப் போகிற வரையில் சினூக்குக்கு நண்டு நடைதான் சுலபம்.